பக்கத்து வீடும் பங்காளி வீடும்

152, 153, 154, 155.

அடுத்தடுத்த நான்கு எண்கள். ஒரு தெருவின் கதவிலக்கங்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2008இல் இந்த நான்கு கதவுகளும் யூடியூபுக்குச் சொந்தமாக இருந்தன. முன்னால் வரும் பகுதியையும் சேர்த்து எழுதினால் 208.65.152, 208.65.153, 208.65.154, 208.65.155. ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே 0 முதல் 255 வரை 256 அறைகள். நான்குக்கும் சேர்த்து 1,024. ஆனால் உலகத்துக்கு யூடியூப் தன் விலாசத்தை நான்கு வரிகளாகச் சொல்லவில்லை. ஒரே வரிதான்: 208.65.152.0/22.

இந்த வரியில் 152 இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே போயின? வாலில் தொங்கும் 22 எங்கிருந்து வந்தது? நான்கைக் கூட்டிப் பார்த்தாலும் பெருக்கிப் பார்த்தாலும் 22 கிடைக்காது. பத்துப் பத்தாக எண்ணிப் பழகிய கண்ணுக்கு இந்த வரி மாந்திரீகத் தகட்டில் கீறியதுபோலத் தெரியும். இரண்டிரண்டாக எண்ணும் கண்ணுக்கு அது பச்சைத் தமிழ்.

முதலில், ஒரே வரியில் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். இணையம் தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் போய்ச் சேரவேண்டிய ஐபி முகவரி ஒட்டப்பட்டிருக்கும். வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஓர் அட்டவணை: இன்ன முகவரிக்கு இந்தப் பக்கம், இன்ன முகவரிக்கு அந்தப் பக்கம். பொட்டலம் வந்ததும் அட்டவணையைப் பார்க்க வேண்டும், கை காட்ட வேண்டும். விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தனி வரி எழுதுவதென்றால் 32 பிட் முகவரிகளுக்கு, அதாவது 0, 1 என்ற இலக்கங்களை 32 இடங்களில் நிரப்பி எழுதும் முகவரிகளுக்கு, 429 கோடி வரிகள் வேண்டும். அப்படியோர் அட்டவணையை எழுதிவைக்கவும் முடியாது, புரட்டவும் முடியாது.

தபால்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 627 என்று தொடங்கும் பின்கோடு எழுதிய கடிதம் மும்பையில் பிரிக்கப்படுகிறது. பிரிப்பவருக்குத் திருநெல்வேலியின் தெருக்கள் தெரியவேண்டியதில்லை. முதல் இலக்கம் 6. அப்படியானால் தமிழ்நாடு அல்லது கேரளப் பக்கம். அந்தப் பையில் போட்டுவிடலாம். கடிதம் ஊரை நெருங்க நெருங்க அடுத்தடுத்த இலக்கங்களைப் பார்த்தால் போதும். தூரத்தில் இருப்பவருக்கு முன்பாதி, பக்கத்தில் இருப்பவருக்குப் பின்பாதி. ரவுட்டர் செய்வதும் இதையேதான். ஒரே ஒரு வேறுபாடு: பின்கோடு பத்துப் பத்தாகக் கிளை பிரிகிறது, ஐபி முகவரி இரண்டிரண்டாக. அந்த ஒரு வேறுபாட்டில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் இருக்கிறது.

பழைய மளிகைக்கடைத் தராசு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் எட்டு எடைக்கற்கள்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான். 152ஐ நிறுக்க வேண்டும். 128ஐ வைத்தால் மீதி 24. 64 அதிகம், வேண்டாம், 32ம் வேண்டாம். 16ஐ வைத்தால் மீதி 8. 8ஐ வைத்தால் தீர்ந்தது. மிச்சமுள்ள 4, 2, 1 மூன்றும் பெட்டியிலேயே கிடக்கட்டும். தட்டில் ஏறிய கல்லுக்கு 1, ஏறாத கல்லுக்கு 0 என்று வரிசையாக எழுதினால் 10011000. இரண்டிரண்டாக எண்ணும் இருமத்தில் 152 இதுதான். இதில் வேறு ரகசியம் எதுவும் கிடையாது. இப்போது நான்கு கதவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திப் பார்ப்போம்.

152 — 100110 00
153 — 100110 01
154 — 100110 10
155 — 100110 11

ஆறாவது இலக்கத்துக்குப் பிறகு நான் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருக்கிறேன். இடப்பக்கத்தில் நான்கு வரிகளிலும் 100110. ஒரு கல்கூட மாறவில்லை. வலப்பக்கத்தில் 00, 01, 10, 11. இரண்டு கற்களை வைத்தும் எடுத்தும் செய்யக்கூடிய எல்லாச் சேர்க்கைகளும் வந்துவிட்டன. எதுவும் விட்டுப்போகவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே “முதல் ஆறு பிட்டும் 100110 ஆக இருந்தால் போதும், மற்றது எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை” என்று சொல்லிவிட்டால், நான்கு கதவுகளையும் சொன்னதாகிவிடும். ஐந்தாவதாக ஒரு கதவு உள்ளே நுழையவும் முடியாது.

22இன் கணக்கும் இங்கேயே இருக்கிறது. முகவரியின் முதல் எண் 208க்கு எட்டு பிட், இரண்டாவது எண் 65க்கு எட்டு பிட், இந்த மூன்றாவது எண்ணில் மாறாத ஆறு பிட். கூட்டினால் 22. முகவரியின் 32 பிட்டில் முதல் 22 உறுதி, மிச்சம் பத்து பிட் எதுவானாலும் சரி. பத்து பிட்டுக்கு 1,024 சேர்க்கைகள். அறைகளின் எண்ணிக்கை சரியாகப் பொருந்துகிறது.

கம்ப்யூட்டரில் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்து பார்த்தவர்கள் 255.255.252.0 என்பதுபோல ஒன்றைக் கண்டிருக்கலாம். சப்நெட் மாஸ்க் என்பார்கள். அதுவும் இதே 22தான், வேறு வேடத்தில். 255 என்றால் எட்டுக் கல்லும் தட்டில். 252 என்றால் முதல் ஆறு கல் தட்டில், கடைசி இரண்டு வெளியே: 11111100. எந்தெந்த இடத்தில் 1 இருக்கிறதோ அந்த இடங்களை மட்டும் பார், 0 இருக்கும் இடங்களில் கண்ணை மூடிக்கொள் என்று ரவுட்டருக்குச் சொல்லும் முகமூடி அது.

சரி, அடுத்தடுத்து நான்கு எண்கள் கிடைத்தால் எப்போதும் இப்படி ஒன்றாகக் கட்டிவிடலாமா? 153, 154, 155, 156 என்று நான்கை எடுத்துக்கொள்வோம். முன்னதைப் போலவே இடைவெளியில்லாத வரிசை. ஒரு கதவு தள்ளி நிற்கிறோம், அவ்வளவுதான்.

153 — 10011001
154 — 10011010
155 — 10011011
156 — 10011100

இந்த நான்கிலும் மாறாமல் நிற்பவை முதல் ஐந்து பிட் மட்டுமே. 155இலிருந்து 156க்குப் போகும்போது கடைசி மூன்று கற்களும் ஒரேயடியாக இடம் மாறுகின்றன: 011 போய் 100. ஐந்து பிட்டை மட்டும் உறுதியாக்கி ஒரு வரி எழுதினால் அது 152 முதல் 159 வரை எட்டுக் கதவுகளையும் வாரிக்கொள்ளும். நாம் கேட்டது நான்கு. மிச்ச நான்கு அடுத்தவருடையவை. அடுத்தவர் வீட்டுத் தபாலையும் என்னிடமே கொடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்ததாகிவிடும். அந்தத் தவறைச் செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் 153க்குத் தனி வரி, 154ஐயும் 155ஐயும் சேர்த்து ஒரு வரி, 156க்குத் தனி வரி என மூன்று வரிகள் எழுதியாக வேண்டும். நான்கை மூன்றாக்கியதற்குப் பெயர் சுருக்கம் என்றால் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு, பங்காளி வேறு. சுவருக்குச் சுவர் ஒட்டியிருப்பதால் மட்டும் ஒருவர் பங்காளி ஆகிவிடமாட்டார். கொள்ளுத்தாத்தா ஒருவராக இருக்க வேண்டும். இருமத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டே பிள்ளைகள், ஒருவன் பெயர் 0, மற்றவன் பெயர் 1. 152ம் 153ம் உடன்பிறப்புகள். 154ம் 155ம் உடன்பிறப்புகள். இந்த இரண்டு ஜோடிக்கும் தாத்தா ஒருவர்: 100110. 156க்கு அந்தத் தாத்தாவைத் தெரியாது. அது 100111 என்ற சின்னத்தாத்தாவின் பேரன். 155க்கும் அதற்கும் உறவு ஒரு தலைமுறை மேலே போய்த்தான் சேருகிறது.

இதிலும் மோசம் 127ம் 128ம். 127 என்பது 01111111. 128 என்பது 10000000. ஒன்றை அடுத்து ஒன்று வரும் எண்கள். ஆனால் எட்டுத் தலைமுறைக்கு ஒரு முன்னோரும் பொதுவில் இல்லை. இரண்டையும் ஒரே வரியில் கட்ட வேண்டுமென்றால் 0 முதல் 255 வரை அத்தனையையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். பத்தின் கணக்கிலும் இது நடப்பதுதான். 1999 டிசம்பர் 31க்கும் 2000 ஜனவரி 1க்கும் நடுவே ஓர் இரவுதான், ஆனால் நான்கு இலக்கங்களும் புரண்டுவிட்டன. நாம் அதைப் பத்தாண்டுக்கும் நூற்றாண்டுக்கும் ஒருமுறைதான் கவனிக்கிறோம். இருமத்தில் ஒவ்வொரு இரண்டாவது வாசலிலும் ஏதோ ஓர் எல்லைக்கல் இருக்கிறது. எட்டாவது வாசலில் பெரிய கல், பதினாறாவதில் இன்னும் பெரியது. பத்தின் கண்ணுக்கு அந்தக் கற்கள் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கூட்டத்தின் அளவு 2, 4, 8, 16 என்று இருமடங்கு வரிசையில் இருக்க வேண்டும். கூட்டத்தின் முதல் எண்ணை அந்த அளவால் வகுத்தால் மீதி வரக்கூடாது. 152ஐ நான்கால் வகுத்தால் 38, மீதியில்லை, பங்காளிகள். 153ஐ வகுத்தால் மீதி 1, பக்கத்து வீடுகள். தேர்வறையில் இது போதும். ஆனால் இந்தச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள் ஏன் மீதி வரக்கூடாது என்று கேட்டால் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையாவது எட்டுக் கற்களையும் அடுக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு 1992 வரை பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. 1981 செப்டம்பரில் வெளிவந்த ஐபி விதிமுறை, முகவரிகளை மூன்று முக்கிய வகுப்புகளாக வெட்டிவைத்திருந்தது. ஏ வகுப்பு வாங்கியவருக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். பி வகுப்புக்கு 65,536. சி வகுப்புக்கு 256. முகவரியின் முதல் மூன்று பிட்டுகளைப் பார்த்தாலே எந்த வகுப்பு என்று தெரிந்துவிடும். ஆகவே வாலில் எண் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. பார்க்க அழகான ஏற்பாடு. கடையில் மூன்றே அளவில் சட்டை: யானைக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று.

இரண்டாயிரம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகம் வந்தால் என்ன செய்வது? சி பற்றாது. பி கொடுத்தால் அறுபதாயிரத்துக்கு மேல் வீண். எல்லோரும் பி கேட்டார்கள். இருந்ததோ மொத்தமே 16,384. அவை தீர்ந்துபோகும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. பி வேண்டாம், எட்டு சி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம்: எட்டு 256கள் 2,048, அளவு கச்சிதம். ஆனால் அப்போது உலகத்து ரவுட்டர் ஒவ்வொன்றிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு வரிக்குப் பதில் எட்டு வரிகள் ஏறும். முகவரிப் பஞ்சத்துக்குக் கொடுத்த மருந்து அட்டவணை வீக்கத்தைக் கூட்டியது. 1992 முடிகையில் அட்டவணையில் எட்டாயிரத்துச் சொச்சம் வரிகள். இன்று கேட்டால் சிரிப்பு வரும் எண். அன்றைய ரவுட்டர்களின் நினைவகத்துக்கு அதுவே மூச்சுமுட்டல், போதாததற்கு எண்ணிக்கை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஜூனில் நான்கு பொறியாளர்கள் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். வின்ஸ் ஃபுல்லர், டோனி லீ, ஜெசிகா யூ, கண்ணன் வரதன். ஆர்எஃப்சி 1338 என்பது அதன் எண். சொன்ன யோசனை எளிமையானது: எட்டு சி கொடுப்பதாக இருந்தால் கையில் கிடைத்த எட்டைக் கொடுக்காதே, பங்காளிகளாகப் பார்த்து எட்டைக் கொடு. பிறகு பொதுத் தாத்தாவின் பெயரை மட்டும் அட்டவணையில் எழுது. வகுப்புகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, எத்தனை பிட் உறுதி என்ற எண்ணை ஒவ்வொரு முகவரியோடும் சேர்த்து அனுப்பு. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519 ஆக அது செப்பனிடப்பட்டு, சைடர் என்ற பெயரோடு நடைமுறைக்கு வந்தது. வகுப்பு பேதமற்ற வழித்தடம் என்று அந்தப் பெயரை விரிக்கலாம்.

இதற்கு ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியே மாற வேண்டியிருந்தது. பெரிய வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் அந்த மொழிக்கு பிஜிபி என்று பெயர். 1989இல் ஒரு பொறியாளர் மாநாட்டின்போது கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையின் கைதுடைக்கும் தாள்களில் எழுதிப் பார்த்ததில் பிறந்தது அது. மூன்றாம் பதிப்பு வரை அதில் வாலெண்ணுக்கு இடமில்லை. நான்காம் பதிப்பில்தான் “/22” வழி அறிவிப்பில் வரும் விலாசத்தோடு உலகம் சுற்றத் தொடங்கியது. இன்றும் இணையம் ஓடுவது அந்த நான்காம் பதிப்பில்தான்.

பங்காளிகளாகப் பார்த்துக் கொடுப்பது புதிய மனைகளுக்குச் சரி. அதற்கு முன்பே கண்டபடி பட்டா போட்டுக் கொடுத்துவிட்ட இடம் ஒன்று இருந்தது: 192 என்று தொடங்கும் பழைய சி வகுப்புகள். அடுத்தடுத்த எண்கள் வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு நிறுவனங்களிடம். எதையும் எதோடும் சேர்க்க முடியாது. அந்தப் பகுதிக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் சதுப்பு நிலம். இருமக் கணக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சொந்தக்காரர்கள் சிதறிக் கிடந்தால் பயனில்லை. முகவரி வழித்தடத்தின் அமைப்பைப் பின்பற்றியாக வேண்டும், இல்லையென்றால் வழித்தடம் முகவரியைப் பின்பற்றியாக வேண்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்ற கருத்தை அந்தத் துறையில் ரெக்டர் விதி என்றே சொல்கிறார்கள்.

ரவுட்டரின் உள்ளே இந்த வரிகள் எங்கே குடியிருக்கின்றன என்பதையும் ஒரு நொடி எட்டிப்பார்க்கலாம். நம் கம்ப்யூட்டரின் நினைவகம் 0, 1 என்ற இரண்டையே அறியும். பெரிய ரவுட்டர்கள் பலவற்றில் டிகேம் என்ற தனி வகை நினைவகம் இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள்: 0, 1, “எதுவானாலும் சரி”. யூடியூபின் வரியை அதில் எழுதினால் 22 இடங்களில் 0ம் 1ம், பத்து இடங்களில் “எதுவானாலும் சரி”. பொட்டலம் வந்ததும் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் தங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக் கை தூக்குகின்றன. வேகம் அபாரம், விலையும் அபாரம், சூடும் அபாரம். ஆகவே வேண்டிய மட்டும் வாங்கிப் போட முடியாது. எத்தனை வரி என்று முன்கூட்டியே அளவு வைத்துத்தான் செய்வார்கள்.

அந்த அளவு ஒருநாள் நிரம்பியது. 2014 ஆகஸ்ட் 12ஆம் தேதி வெரைசான் நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து, அதுவரை கட்டிவைத்திருந்த முகவரிகள் கட்டவிழ்ந்து ஏறத்தாழ 15,000 உதிரி வரிகள் வெளியே கொட்டின. உலக அட்டவணை 5,12,000 என்ற கோட்டைத் தாண்டியது. பழைய சிஸ்கோ ரவுட்டர்கள் சிலவற்றில் டிகேம் நினைவகத்தின் இயல்பளவு அந்தக் கோட்டை ஒட்டி நின்றிருந்தது. எச்சரிக்கை வந்திருந்தும் அளவைக் கூட்டாமல் விட்டவர்களின் வலையமைப்புகள் அன்று தடுமாறின. உதிரி வரிகள் சற்று நேரத்தில் திரும்பப் பெறப்பட்டன; ஆனால் அட்டவணை தன் பாட்டில் வளர்ந்து, இன்று பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் /24 என்ற ஒற்றைக் கதவு வரிகள்.

இவ்வளவு அழகான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் உதிரியாக எழுதுகிறார்கள்? ஒரே நிறுவனத்துக்கு இரண்டு இணையச் சேவையாளர்கள் இருந்தால் பாதிக் கதவுகளுக்கு இந்தப் பக்கம் வா, பாதிக்கு அந்தப் பக்கம் வா என்று பிரித்துச் சொல்ல நேர்கிறது. சேவையாளரை மாற்றிக்கொண்டு போனவர் பழைய முகவரியைக் கையோடு எடுத்துப்போனால் கூட்டுக்குடும்பத்தில் ஓட்டை விழுகிறது. இந்த இரண்டும் நியாயமான காரணங்கள். மூன்றாவது காரணம் பயம். பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் நான்கு கதவுகளோடு தொடங்கினேன்.

அதற்கு முன், சுருக்கி எழுதுவதால் வரும் ஒரு சிறு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் எட்டுக் கதவுகளில் ஐந்துதான் புழக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியுலகுக்கு எட்டும் சேர்ந்து ஒரே வரி. ஆறாவது கதவைத் தேடி ஒரு பொட்டலம் வருகிறது. சேவையாளரின் ரவுட்டர் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளுகிறது. பல்கலைக்கழகத்தின் ரவுட்டருக்கு அப்படியொரு கதவே தெரியாது. தெரியாததையெல்லாம் சேவையாளரிடம் அனுப்பு என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. பொட்டலத்தின் நெற்றியில் ஓர் ஆயுள் எண் இருக்கும், அதிகபட்சம் 255. ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்று குறையும். பூஜ்யம் ஆகும்வரை இந்தப் பந்தாட்டம் ஓயாது.

மருந்து, சுருக்கி எழுதியவர் தன் ரவுட்டரிலேயே இன்னொரு வரி எழுதிக்கொள்வது: எட்டுக் கதவுக்கும் பொதுவான முகவரிக்கு வந்து, உள்ளே எந்தக் கதவோடும் பொருந்தாத பொட்டலத்தைக் குப்பையில் போடு. இதற்கு நல் ரூட் என்று பெயர். நல்வழி என்று பொருள்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த நல் என்பதற்குச் சூனியம் என்று பொருள். அந்த வழியில் போன பொட்டலம் திரும்புவதில்லை.

உள்ளே ஐந்து கதவுகளுக்கும் தனித்தனி வரி, மேலே எட்டுக்கும் சேர்த்து ஒரு குப்பை வரி. நான்காவது கதவுக்கு வந்த பொட்டலம் இரண்டு வரிகளோடும் பொருந்துமே, எதைப் பிடிப்பது? அதிக பிட் பொருந்தும் வரியை. /21ம் /24ம் கை தூக்கினால் /24க்குத்தான் பொட்டலம். தாத்தா பெயரைச் சொல்பவரையும் அப்பா பெயரைச் சொல்பவரையும் ஒன்றாக நிறுத்தினால் அப்பா பெயரைச் சொல்பவருக்கு வீடு இன்னும் துல்லியமாகத் தெரியும் என்ற நம்பிக்கை. சுருக்கி எழுதும் கலை முழுவதும் இந்த ஒரு விதியின் தோளில் நிற்கிறது. விவரம் தெரிந்தவன் பேச்சுக்கு முன்னுரிமை. அவன் உண்மைதான் பேசுகிறானா என்று விதி கேட்பதில்லை.

2008 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தானின் இணையச் சேவையாளர்களுக்கு அந்நாட்டு அரசுத் தரப்பிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஒரு தளத்தைத் தடுப்பதற்குக் கைவசம் இருக்கும் எளிய வழி நல் ரூட்தான்: அந்த முகவரிக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதி, வரும் பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிடுவது. பாகிஸ்தான் டெலிகாம் எழுதிய வரி 208.65.153.0/24. நான்கு கதவுகளில் இரண்டாவது மட்டும். நாட்டுக்குள் புழங்கவேண்டிய அந்த வரி பிஜிபி வழியாக வெளியே கசிந்தது. மேலிருந்து அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த ஹாங்காங் நிறுவனம் பிசிசிடபிள்யூ அதைச் சரிபார்க்காமல் வாங்கி உலகத்துக்குப் பரிமாறியது. நம் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டி 12.17.

உலகத்து ரவுட்டர்களில் இப்போது இரண்டு வரிகள். யூடியூப் சொன்ன /22. பாகிஸ்தான் டெலிகாம் சொன்ன /24. மக்கள் யூடியூபைத் திறந்தால் போய்ச் சேரும் வழங்கிகள் 153ஆம் கதவுக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு பொட்டலமும் இரண்டு வரிகளோடும் பொருந்தியது. 24 பிட் பொருந்துவதா, 22 பிட் பொருந்துவதா? ரவுட்டர்கள் தங்கள் விதியை எள்ளளவும் மீறாமல் பாகிஸ்தான் பக்கம் கை காட்டின. சில நிமிடங்களில் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் மறைந்துபோனது. யாரும் எதையும் உடைக்கவில்லை. கூடுதலாக இரண்டு பிட் சொல்லியிருந்தார்கள், அவ்வளவே.

யூடியூப் விழித்துக்கொண்டு, 1.37க்குத் தானும் 208.65.153.0/24 என்று ஒரு வரி வெளியிட்டது. இப்போது இரண்டு தரப்பும் 24, சமன். அப்போது வழியில் எத்தனை வலையமைப்புகளைத் தாண்ட வேண்டும் என்பதைப் பார்த்து, ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குக் கிட்டியதாகத் தெரிந்ததைத் தேர்ந்தது. உலகத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, ஒரு பகுதி வரவில்லை. 1.48க்கு அடுத்த நகர்வு: ஒரு பிட் கூடுதலாகச் சொல்வது. 153ஆம் கதவின் 256 அறைகளை நடுவில் வெட்டி 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று இரண்டு வரிகள். 0 முதல் 127 வரை ஒன்று, 128 முதல் 255 வரை மற்றொன்று. எட்டுத் தலைமுறைக்கும் உறவில்லை என்று பார்த்தோமே, அந்த 127க்கும் 128க்கும் நடுவே உள்ள சந்தில் கத்தி இறங்கியது.

25, 24ஐ வெல்லும். ஆனால் /24ஐவிட நுணுக்கமான வரிகளை வாங்குவதில்லை என்று பல வலையமைப்புகள் அட்டவணை வீக்கத்துக்கு அஞ்சி முன்பே முடிவெடுத்து வைத்திருந்தன. அங்கெல்லாம் இந்த இரண்டு வரிகளும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. அந்த இரவைப் பார்த்தவர்களில் பலர் தங்கள் கதவுகளை முன்னெச்சரிக்கையாகவே /24களாகப் பிரித்து அறிவிக்கும் பழக்கத்துக்கு வந்தார்கள்: யாராவது போட்டிக்கு வந்தால் சமனாகவாவது நிற்கலாம் அல்லவா. அட்டவணையில் ஒற்றைக் கதவு வரிகள் குவிந்திருப்பதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு. சைடர் சேர்த்துக் கட்டியதைப் பயம் அவிழ்த்துக்கொண்டிருக்கிறது.

2.31க்கு பிசிசிடபிள்யூ தான் பரப்பிய வரியைத் திரும்பப் பெற்றது. அட்டவணைகளிலிருந்து அது ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

இந்த இரண்டேகால் மணி நேரமும் 208.65.152.0/22 என்ற பழைய வரி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. 153ஐத் தேடி வந்த பொட்டலங்களுக்கும் அது ஒவ்வொரு முறையும் 22 பிட் பொருந்திக் கை தூக்கிக்கொண்டுதான் இருந்தது. 152ஐயும் 154ஐயும் 155ஐயும் தேடி வந்தவை வழக்கம்போல அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு யூடியூபுக்கே போய்ச் சேர்ந்தன.